குழு வேலைக்கு எந்த ஊடகம், எதற்கு? ஆட்பட்டியல் முதல் ஒப்படைப்பு வரை முழுமையான வழிகாட்டி

தொடர்மாடி நலன்புரிச் சங்கம், பழைய மாணவர் சங்கத்தின் கொழும்புக் கிளை, நாலைந்து பேர் சேர்ந்து நடத்தும் சிறு நிறுவனம், எதுவானாலும் முதல் நாளே யாரோ ஒருவர் வட்ஸ்அப் குழுவைத் திறந்துவிடுகிறார். இரண்டாம் வாரத்தில் மூன்று கேள்விகள் வந்துவிடும்: "அந்த பைலை இன்னொருக்காப் போடுங்கோ." "கூட்டம் எத்தனை மணிக்கு?" "இதை ஆர் முடிவெடுத்தது?" மூன்றுக்கும் காரணம் ஒன்றுதான். அறிவிப்பு, விவாதம், முடிவு, கோப்பு எல்லாம் ஒரே இடத்தில் கலந்து கிடக்கின்றன.

எந்தச் செயலி சிறந்தது என்ற கேள்வியோடு தொடங்கினால் இந்தக் கலவை தீராது. குழுவில் எந்த வகைச் செய்திகள் ஓடும் என்பதை முதலில் பிரித்து, ஒவ்வொரு வகைக்கும் ஒரேயொரு இடத்தை ஒதுக்க வேண்டும். செயலியின் பெயர் அதற்குப் பிறகு வரட்டும். கீழே உள்ள படிகள் அந்த வரிசையில்தான் போகின்றன. உதாரணத்துக்கு, சங்கத்தின் சிறப்பு மலரை (கட்டுரைகளும் விளம்பரங்களும் கொண்ட இதழை) வெளியிடும் 13 பேர் கொண்ட ஒரு மலர்க் குழுவை எடுத்துக்கொள்வோம்: பெரும்பாலோர் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, வத்தளையில், ஒருவர் லண்டனில், ஒருவர் டொரொண்டோவில், கட்டுரையாளர்கள் பலர் குழுவுக்கு வெளியே, அச்சகம் கொட்டாஞ்சேனையில்.

தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

உறுப்பினர் பட்டியல், வேலை முடிய வேண்டிய திகதி, ஒரு வெற்றுத் தாள், இரண்டு அல்லது மூன்று பேர், முக்கால் மணி நேரம். இதற்கு முழுக் குழுவையும் கூட்ட வேண்டாம். 13 பேர் உட்கார்ந்தால் பேச்சு உடனே "டெலிகிராமா வட்ஸ்அப்பா" என்று போய்விடும். இணைப்பாளரும் இன்னும் இருவரும் வரைவு போட்டு மற்றவர்களிடம் காட்டினால் போதும்.

திகதி ஏன் தேவை? ஆறு வாரத்தில் முடிகிற வேலைக்குப் புதுச் செயலி பழக்குவது நேர விரயம். ஆண்டு முழுக்க ஓடும் சங்கத்துக்கு அந்த முயற்சி பலன் தரும்.

1. ஆட்களைப் பட்டியலிடுங்கள், செயலிகளை அல்ல

ஒவ்வொருவருக்கும் நேரே ஐந்து விடயங்களை எழுதுங்கள்: எந்த போன், எந்த மாதிரி டேட்டா, எந்த மொழியில் எழுதுவார், எந்த மொழியில் வாசிப்பார், எந்த நேரத்தில் பதில் சொல்லக்கூடியவர். இதைக் குழுவில் கேட்காதீர்கள், ஒவ்வொருவருக்கும் கோல் எடுத்துக் கேளுங்கள். தன்னிடம் பட்டன் போன்தான் இருக்கிறது என்பதையோ, தமிழில் தட்டத் தெரியாது என்பதையோ யாரும் 12 பேர் முன்னால் சொல்ல மாட்டார்கள்.

டேட்டா விடயத்தில் பலரும் தடுமாறுகிறார்கள். சிலர் வைத்திருப்பது வட்ஸ்அப், பேஸ்புக் போன்ற சில செயலிகளுக்கு மாத்திரமான பெக்கேஜ். அவர்களுக்கு வட்ஸ்அப்பில் செய்தி வரும், ஆனால் அதிலுள்ள கூகுள் டொக்ஸ் லிங்க் திறக்காது. "பார்த்தேன்" என்று பதில் வரும். அவர் பார்த்தது லிங்கை மட்டுமே. வேறு சிலருக்கு நள்ளிரவுக்குப் பிறகுதான் டேட்டா தாராளமாக இருக்கும். பெரிய கோப்பை அவர்களிடம் பகலில் கேட்டுப் பயனில்லை. "நாளைக்குக் காலைக்குள்" என்று கேட்டால் வந்துவிடும்.

பட்டியல் முடிந்ததும், ஆகக் குறைந்த வசதி உள்ள, ஆனால் அவரில்லாமல் வேலை நகராத ஆள் யார் என்று பாருங்கள். அறிவிப்புக்கான ஊடகத்தை அவரை வைத்தே தீர்மானிக்க வேண்டும். நம் மலர்க் குழுவில் அது மெய்ப்புப் பார்க்கும் (அச்சுக்கு முன் பிழை திருத்தும்) ஓய்வுபெற்ற தமிழ் ஆசிரியர் என்று வைத்துக்கொள்வோம். அவர் வட்ஸ்அப் பார்ப்பார், மின்னஞ்சல் பார்க்க மாட்டார், திரையில் மெய்ப்புப் பார்க்கவும் மாட்டார். ஆகவே இந்தக் குழுவுக்கு அச்செடுத்த தாளும் ஓர் ஊடகம். அதைக் கொண்டுபோய்க் கொடுத்து வாங்கிவர ஓர் ஆள் வேண்டும் என்பது முதல் நாளே தெரிந்திருக்க வேண்டும்.

2. ஓடப்போகும் செய்திகளை வகை பிரியுங்கள்

தாளில் இந்த வகைகளை எழுதி, ஒவ்வொன்றுக்கும் உங்கள் வேலையிலிருந்து இரண்டு உதாரணம் போடுங்கள். உதாரணம் போட முடியாத வகையை வெட்டிவிடுங்கள்.

அறிவிப்பு: கூட்ட நேரம், கடைசித் திகதி. பதில் வேண்டாம், எல்லாரும் பார்த்தால் போதும்.

அன்றாடக் கேள்வி: "வாழ்த்துச் செய்தி எத்தனை சொல்?" ஒருவருக்கு ஒருவர் பதில்.

கருத்து வேறுபாடு: அட்டைப்படம், விளம்பரக் கட்டணம், யாருடைய கட்டுரையைக் குறைப்பது.

முடிவு: மேலே உள்ள விவாதத்தின் விளைவு, யார் எப்போது செய்வது என்பதோடு.

வேலைப்பொருள்: கட்டுரை, படம், பக்க வடிவமைப்பு.

தனிப்பட்டது: பணம், ஒருவரின் வேலையில் குறை, உடல்நிலை.

அவசரம்: இரண்டு மணி நேரத்துக்குள் ஒருவர் எதையாவது செய்தாக வேண்டியவை. புதியவர்கள் எல்லாவற்றையும் இந்த வகையில் போடுவார்கள். இரண்டு மணி என்ற எல்லையை எழுதி வைத்தால் அது குறையும்.

3. கொண்டு சேர்ப்பதா, ஒன்றுபடுவதா?

தெரிவு முழுவதும் தங்கியிருக்கும் படி இது. ஒவ்வொரு வகையையும் பார்த்துக் கேளுங்கள்: இங்கே தகவலைக் கொண்டு சேர்த்தால் போதுமா, அல்லது எல்லாரும் ஒரே விளக்கத்துக்கு வர வேண்டுமா?

கொண்டு சேர்க்க எழுத்து நல்லது. வாசிப்பவர் தனக்கு வசதியான நேரத்தில், தன் வேகத்தில், இரண்டு தரம் வாசிக்கலாம். பதினொரு கட்டுரைகளின் நிலவரத்தைக் கோலில் சொன்னால் யாருக்கும் நினைவில் நிற்காது. ஒன்றுபடுவதற்கு உடனுக்குடன் பேச்சு வேண்டும். ஒருவர் முகம் சுளிப்பதும், தயங்குவதும், "அப்படிச் சொல்லேல்ல, நான் சொன்னது..." என்று இடைமறிப்பதும் எழுத்தில் நடக்காது. தொடர்பாடல் ஆய்வாளர்கள் ஊடகத் தெரிவை விளக்கும்போது பிரித்துக் காட்டுவதும் இந்த இரண்டையும்தான்.

இரண்டையும் இடம் மாற்றிப் போடுவதே ஆகப் பெரிய தவறு. அட்டைப்படத்தை வட்ஸ்அப்பில் விவாதிப்பார்கள். 140 செய்திகள் ஓடும். கடைசியாக எழுதியவரின் கருத்து முடிவாகிவிடும். மறுபக்கம், எழுதி அனுப்பியிருக்கக்கூடிய நிலவர அறிக்கையை வாசிப்பதற்காக எல்லாரையும் வாகன நெரிசலில் காலி வீதி நெடுக வரவழைப்பார்கள்.

நடைமுறைக்கு ஒரு விதி: ஒரே விடயத்தில் இரண்டு பேர் மாறி மாறி மூன்று தடவை எழுதியும் தீரவில்லையென்றால், நான்காவதை எழுதாமல் கோல் எடுக்க வேண்டும். கோல் முடிந்ததும் இருவரில் ஒருவர் முடிவை இரண்டு வரியில் குழுவில் போட வேண்டும். இந்த இரண்டாவது பாதி தவறினால், மற்ற 11 பேரும் பழைய விவாதத்திலேயே நிற்பார்கள்.

எங்கள் குழுக்களில் மௌனத்தைச் சம்மதமாக எடுக்க முடியாது. "சேர்" சொன்னதற்கு எதிராக, அவரிடம் படித்தவர்கள் எல்லாருக்கும் முன்னால் எழுத மாட்டார்கள். கட்டைவிரல் அடையாளம் போடுவார்கள். அது "கண்டேன்" என்பதா, "ஏற்கிறேன்" என்பதா என்று யாருக்கும் தெரியாது. ஆகவே முக்கிய முடிவுக்கு முன் இணைப்பாளர் நாலைந்து பேருக்குத் தனித்தனியாகக் கோல் எடுத்துக் கேட்க வேண்டும். கூட்டத்தில் வயதில் இளையவர்களை முதலில் பேசவிட வேண்டும். கட்டைவிரல் என்றால் "வாசித்துவிட்டேன்" மட்டும், சம்மதம் என்றால் "சம்மதம்" என்று எழுத வேண்டும் என முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

4. ஒவ்வொரு வகைக்கும் ஓர் இடம்

இப்போதுதான் செயலிகளின் பெயர்கள். வேலையைப் பாதிக்கும் எல்லைகளை மட்டும் தருகிறோம்.

வட்ஸ்அப் குழுவில் 1024 பேர் வரை சேரலாம், குழுக் கோலில் 32 பேர். அனுப்பிய செய்தியைத் திருத்த 15 நிமிடம் உண்டு. அதற்குப் பிறகு நேரம் பிழையென்று தெரிந்தால் பழையதை எல்லாரிடமிருந்தும் அழித்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள். "மேலே சொன்னதில் 5 அல்ல 6" என்று தனியாக எழுதினால் பாதிப்பேர் 5 மணிக்கே வருவார்கள். மேலே குத்தி வைக்க மூன்று செய்திகளுக்கு இடமுண்டு; அதற்கான காலம் 24 மணி, 7 நாள், 30 நாள் என்பதில் ஒன்று. 30 நாளில் அது தானாக இறங்கிவிடும் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

வட்ஸ்அப்பின் பெரிய குறை, இடையில் சேர்பவருக்கு அதுவரை பேசியவை தாமாக வந்து சேராதது. டெலிகிராமில் பழைய உரையாடல் புதியவருக்கும் தெரியும்படி வைக்கலாம். ஆட்கள் அடிக்கடி மாறும் தொண்டர் குழுவுக்கு அது பொருந்தும். ஆனால் அதன் சாதாரணக் குழுக்கள் முனைக்கு முனை மறையாக்கம் (உரையாடுபவர்கள் தவிர வேறு யாரும் வாசிக்க முடியாதபடி பூட்டுவது) செய்யப்பட்டவை அல்ல. அந்தரங்கமான விடயங்களைப் பேசும் குழுவுக்கு வட்ஸ்அப் அல்லது சிக்னல் ஏற்றது.

மின்னஞ்சல் வெளியாருடன் பேச: கட்டுரையாளர், விளம்பரதாரர், அச்சகம். தலைப்போடு தேடியெடுக்கலாம், விலைமனுவுக்கு அத்தாட்சியாக நிற்கும். ஜிமெயிலில் இணைப்பு 25 எம்.பி. வரைதான். மலருக்கென ஒரு பொது முகவரி தொடங்கி, அதைத் திறக்க இரண்டு பேருக்கு அதிகாரம் கொடுங்கள். ஒருவரின் சொந்த முகவரிக்கு எல்லாக் கட்டுரையும் வந்தால், அவர் யாழ்ப்பாணம் போன கிழமை வேலை நின்றுவிடும்.

ஸ்லக் போன்ற அலுவலகச் செயலிகள் முழு நாளும் கணினி முன் இருப்பவர்களுக்கு நல்லவை. இலவசக் கணக்கில் கடந்த 90 நாள் உரையாடல்தான் தெரியும். ஆண்டு கணக்காக ஓடும் சங்கம் அதைப் பதிவேடாக நம்பக்கூடாது.

முடிவுகளுக்குத் தனி இடம், அதாவது ஒரு முடிவுப் பதிவேடு, வேண்டும். ஒரே ஒரு கூகுள் டொக்ஸ் கோப்பு, அல்லது பயிற்சிக் கொப்பி ஒன்று. ஒவ்வொரு வரியிலும் திகதி, முடிவு, பொறுப்பாளர், முடிக்கும் நாள். புதியது மேலே. லிங்க் திறக்காதவர்களுக்காக அந்த வரியை அப்படியே வெட்டி அறிவிப்புக் குழுவிலும் ஒட்டுங்கள். பிணக்கு வந்தால் பதிவேட்டில் இருப்பதே செல்லும் என்று எழுதி வையுங்கள். இரண்டு இடத்தில் இரண்டு விதமாக இருந்தால் எது சரி என்று தேடவே ஒரு நாள் போகும்.

தனிப்பட்ட விடயத்துக்குக் கோல் அல்லது நேரில். பணத்துக்குக் கோலோடு எழுத்தும்: பேசிய உடனே தொகையை எண்ணாலும் எழுத்தாலும் எழுதி இருவருக்குமிடையில் அனுப்பிக்கொள்ள வேண்டும். ஒருவரின் வேலையில் குறை சொல்வதை எழுத்தில் தொடங்கவே வேண்டாம். அவசரத்துக்குச் சாதாரண போன் கோல். வட்ஸ்அப் கோல் வேண்டாம்; டேட்டாவை நிறுத்தி வைத்திருப்பவருக்கு அது மணியே அடிக்காது.

5. வட்ஸ்அப்பை இரண்டாகப் பிரிக்கும் முறை

ஒன்று அறிவிப்பு, மற்றது உரையாடல். அறிவிப்புக் குழுவின் அனுமதிகளில், செய்தி அனுப்பும் உரிமையை அட்மின்களுக்கு மட்டும் மாற்றிவிடுங்கள். அட்மின்கள் இருவர் இருக்க வேண்டும். ஒருவரின் போன் தொலைந்தாலும் குழு கையை விட்டுப் போகாது. பிறகு எல்லாரிடமும் அறிவிப்புக் குழுவின் ஒலியைத் திறந்தும், உரையாடல் குழுவின் ஒலியை மூடியும் வைக்கச் சொல்லுங்கள். ஒலியை மூட அனுமதி கொடுப்பது முக்கியம். இல்லாவிட்டால் காலை வணக்கப் படங்களின் தொல்லையில் இரண்டையுமே மூடிவிடுவார்கள்.

அறிவிப்பில் ஒரு செய்திக்கு ஒரு விடயம். முதல் வரியில் யாருக்கு, என்ன, எப்போது. "அன்பார்ந்த உறுப்பினர்களே" என்று தொடங்கினால் பூட்டிய திரையில் தெரிவது அந்த இரண்டு சொற்கள்தான். இப்படி எழுதலாம்: "கட்டுரை தருபவர்கள்: கடைசி நாள் 14, வெள்ளி, இரவு 8. மின்னஞ்சலில் மட்டும். வட்ஸ்அப்பில் அனுப்பியவர்கள் தயவுசெய்து மீண்டும் மின்னஞ்சலில் அனுப்புங்கள்."

யாரையும் கேட்காமல் சேர்க்காதீர்கள். குழுவில் எல்லாருடைய இலக்கமும் எல்லாருக்கும் தெரியும். பல பெண்கள் பேசாமல் வெளியேறுவதற்கு இது ஒரு காரணம். தனியாக லிங்க் அனுப்பி அவர்களாகச் சேரவிடுங்கள். பெரிய சங்கமென்றால் வட்ஸ்அப் கொமியூனிட்டியின் (பல குழுக்களை ஒரே கூரைக்குள் சேர்க்கும் வசதி) அறிவிப்புக் குழுவைப் பயன்படுத்தலாம். அங்கே உறுப்பினரின் இலக்கம் மற்ற உறுப்பினர்களுக்குத் தெரியாது.

வாக்கெடுப்பு வசதியில் 12 தெரிவுகள் வரை போடலாம். பல தெரிவுகளுக்கு வாக்களிக்கும் அனுமதி ஏற்கனவே திறந்தே இருக்கும். கூட்ட நாள் தேடும்போது அப்படியே விடுங்கள், எல்லாருக்கும் தோதான நாள் தெரியும். இறுதித் தெரிவென்றால் அதை மூடுங்கள். யார் எதற்கு வாக்களித்தார் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆகவே தலைவர் தெரிவை இதில் நடத்த வேண்டாம்.

குரல் செய்தியைத் தடை செய்ய வேண்டாம். தமிழில் தட்டச் சிரமப்படுபவருக்கு அது ஒன்றே வழி. ஒரு நிமிடத்துக்குள், ஒரு விடயம், அதன் கீழே ஒரு வரி எழுத்து என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வரியை அவரால் எழுத முடியாவிட்டால் அட்மின் எழுதட்டும். குரலைத் தேடுபொறி தேடாது.

6. கோப்புகள்

மலர், ஆண்டறிக்கை, அழைப்பிதழ் போன்ற வேலைகள் கெடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். முதல் தடை எழுத்துரு. இங்கே பல தட்டெழுத்தாளர்களும் அச்சகங்களும் இன்னும் பாமினி என்ற பழைய எழுத்துருவில் வேலை செய்கிறார்கள். பாமினியில் அடித்த கட்டுரையை வட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ ஒட்டினால், ஆங்கில எழுத்துக்களும் அரைப்புள்ளிகளுமாகத்தான் தெரியும். ஏனென்றால் அந்த எழுத்துரு ஆங்கில எழுத்துக்களின் மேல் தமிழ் வடிவத்தை ஏற்றி வைத்திருக்கிறது. எழுத்துரு இல்லாத போனில் அடியில் இருப்பது வெளியே வந்துவிடும்.

எனவே முதல் நாளே கேளுங்கள்: அச்சகத்துக்கு எது வேண்டும், யுனிகோடா பாமினியா? குழுவுக்குள் எல்லாம் யுனிகோடில் (போன்களில் தமிழாகவே தெரியும் பொதுக் குறியீட்டு முறை) ஓடட்டும். பாமினி வேண்டுமென்றால் கடைசியில் ஒருவர், ஒரே தடவையில் மாற்றிக் கொடுக்கட்டும். மாற்றியபின் மீண்டும் மெய்ப்புப் பார்க்க வேண்டும். ஒரே கட்டுரையில் கலந்திருக்கும் ஆங்கிலச் சொற்களும் அடைப்புக்குறி, மேற்கோள் குறிகளும் மாற்றத்தில் உருக்குலையும்.

இரண்டாவது, படம். வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கப்படும். திரையில் வித்தியாசம் தெரியாது, தாளில் தெரியும். ஏ4 பக்கம் முழுவதற்கும் ஒரு படம் 300 டி.பி.ஐ.யில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) அச்சாக 2480க்கு 3508 பிக்சல் வேண்டும். வட்ஸ்அப்பிலேயே அனுப்புவதென்றால் இணைப்பு அடையாளத்தை அழுத்தி, "டொக்யுமென்ட்" என்பதைத் தெரிந்து அனுப்பச் சொல்லுங்கள். அப்படி அனுப்பினால் சுருங்காது, 2 ஜி.பி. வரை போகும்.

மூன்றாவது, பெயர். "இறுதி", "இறுதி புதியது", "இதுதான் இறுதி" என்று மூன்று கோப்பு கிடக்கும்போது அச்சகத்துக்கு நடுவில் உள்ளது போய்விடும். கோப்பின் பெயரில் கட்டுரை எண், எழுதியவர், திகதி, திருத்த எண் இருக்கட்டும். "இறுதி" என்ற சொல்லையே தடை செய்யுங்கள். அச்சுக்குப் போகும் கோப்பு எது என்பதை முடிவுப் பதிவேட்டில் திருத்த எண்ணோடு எழுதுங்கள்.

நான்காவது, சொந்தக்காரர். ட்ரைவ் கோப்பு அதைத் திறந்தவரின் கணக்குக்கே உரியது. மலருக்கான பொதுக் கணக்கில் திறந்தால் ஆள் மாறினாலும் கோப்பு தங்கும். இலவசக் கணக்கின் 15 ஜி.பி. ஜிமெயிலுக்கும் ட்ரைவுக்கும் படங்களுக்கும் பொது. படங்கள் நிறைந்துவிட்டால் அந்த முகவரிக்கு மின்னஞ்சலும் வராது. கட்டுரையின் கடைசி நாள் நெருங்கும்போது இதைப் பார்த்து வையுங்கள். லிங்க் கொடுக்கும்போது, வாசிக்கும் உரிமையா, திருத்தும் உரிமையா என்று பார்த்துக் கொடுங்கள். மெய்ப்பு பார்ப்பவருக்குப் "பரிந்துரை" நிலை போதும். அவர் மாற்றியது நிறத்தோடு தெரியும், ஆசிரியர் ஏற்கலாம், விடலாம்.

7. கூட்டம்: நேரிலா, திரையிலா?

முதல் கூட்டத்தை முடிந்தவரை நேரில் வையுங்கள். குரலும் முகமும் பழகியவர்களுக்கிடையில் பிறகு வரும் சுருக்கமான எழுத்து கோபமாகத் தெரியாது. கொழும்பில் நாள் பார்ப்பது தனி வேலை. வெள்ளி நண்பகலில் முஸ்லிம் உறுப்பினர்கள் ஜும்ஆவுக்குப் போவார்கள், மாலையில் பலர் கோயிலுக்குப் போவார்கள். ஞாயிறு காலை தேவாலயம், பிள்ளைகளின் வகுப்பு. போயா (பௌர்ணமி) விடுமுறை நாளின் பிற்பகல் பலருக்கும் தோதுப்படும். வெசாக் போயாவை மட்டும் விட்டுவிடுங்கள், அன்று மாலை வீதிகள் நிறைந்துவிடும்.

திரைக் கூட்டத்துக்கு: ஸூம் இலவசக் கணக்கு 40 நிமிடத்தில் முடிந்துவிடும், கூகுள் மீட்டில் மூன்று பேரோ அதற்கு மேலோ என்றால் 60 நிமிடம். இரண்டிலும் 100 பேர் வரை சேரலாம். 40 நிமிடத்தைக் குறையாக எண்ணாமல் நிகழ்ச்சி நிரலை அதற்குள் வெட்டுங்கள். வாசிக்க வேண்டியதை முதல் நாளே அனுப்பிவிட்டு, கருத்து வேறுபாடு உள்ளதை மட்டும் பேசினால் இரண்டு விடயம் முடியும். 35ஆவது நிமிடத்தில் ஒருவர் முடிவுகளை உரக்க வாசிக்க வேண்டும். லிங்க் அறுந்தபின் வாசிக்க முடியாது.

வெளிநாட்டில் உள்ளவர்களுக்கு நேரம் பார்க்கும்போது: கொழும்பு மாலை 6.30 என்றால் லண்டனில் குளிர்காலத்தில் பிற்பகல் 1, கோடையில் 2. டொரொண்டோவில் காலை 8 அல்லது 9. மூவருக்கும் அது பொருந்தும். சிட்னியில் ஒருவர் இருந்தால் அவருக்கு அது இரவு 11 அல்லது நள்ளிரவு. டொரொண்டோவையும் சிட்னியையும் ஒரே கூட்டத்தில் வசதியாக இருத்த முடியாது. ஒருவரிடம் முன்கூட்டியே எழுத்தில் கருத்து வாங்குங்கள், அடுத்த மாதம் மற்றவரிடம் வாங்குங்கள்.

பிரித்தானியாவும் கனடாவும் ஆண்டுக்கு இரண்டு தடவை மணிக்கூட்டை மாற்றுகின்றன, அதுவும் வெவ்வேறு வாரங்களில். நாங்கள் மாற்றுவதில்லை. மார்ச்சிலும், ஒக்டோபர் கடைசி முதல் நவம்பர் தொடக்கம் வரையும் "வழமையான நேரம்" என்று எழுதினால் யாரோ ஒருவர் ஒரு மணி நேரம் பிந்துவார். எப்போதும் "கொழும்பு நேரம்" என்று எழுதி, கூகுள் கலண்டரில் அழைப்பும் அனுப்புங்கள். அது அவரவர் ஊர் நேரத்துக்குத் தானே மாற்றிக் காட்டும்.

சிலர் நேரிலும் சிலர் திரையிலும் இருக்கும் கலப்புக் கூட்டம் மூன்றிலும் கடினமானது. அறையில் உள்ளவர்கள் தங்களுக்குள் பேசத் தொடங்கிவிடுவார்கள், திரையில் உள்ளவருக்கு இரைச்சல்தான் கேட்கும். தவிர்க்க முடியாவிட்டால், திரையில் உள்ளவர்களிடம் ஒவ்வொரு விடயத்திலும் முதலில் கேட்கும் பொறுப்பை ஒருவருக்குக் கொடுங்கள்.

8. மொழியும் எழுத்தும்

தொடர்மாடிச் சங்கம் போன்ற குழுக்களில் தமிழும் சிங்களமும் ஆங்கிலமும் இருக்கும். அறிவிப்பு மூன்றிலும், ஒரே செய்தியில், வரிசை மாறாமல் போக வேண்டும். மூன்று தனிச் செய்திகளாகப் போட்டால் நேரம் மாறும்போது ஒன்றைத் திருத்த மறந்துவிடுவார்கள். மொழிபெயர்ப்பவர் யார் என்பதையும் அவர் இல்லாதபோது யார் என்பதையும் எழுதி வையுங்கள். உரையாடல் குழுவில் யாரும் தனக்கு வரும் மொழியில் எழுதட்டும். ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதுவதும் அங்கே பரவாயில்லை. முடிவுப் பதிவேட்டில் மட்டும் வேண்டாம். ஆறு மாதம் கழித்து ஒரே சொல்லை நாலு விதமாக எழுதித் தேட வேண்டிவரும்.

எஸ்.எம்.எஸ். அனுப்புவதென்றால் இதைத் தெரிந்து வையுங்கள். ஆங்கிலத்தில் ஒரு குறுஞ்செய்தி 160 எழுத்து, தமிழில் 70. அந்த எழுபதிலும் கொம்பு, கால், புள்ளி எல்லாம் தனித்தனியாக எண்ணப்படும். "கூட்டம் நாளை மாலை 5க்கு" என்பது கண்ணுக்கு 14 இடம், இடைவெளியும் சேர்த்து, கணக்குக்கு 23. "கூட்டம்" மட்டுமே ஏழு. ஆங்கிலச் செய்தியின் நடுவில் ஒரு தமிழ்ச் சொல் போட்டாலும் முழுச் செய்தியும் 70க்கு இறங்கிவிடும். மொத்தமாகப் பணம் கட்டி 300 பேருக்கு அனுப்பும் சங்கத்துக்கு இது செலவை இரட்டிப்பாக்கலாம். அனுப்புமுன் எண்ணுங்கள்.

9. இணையம் இல்லாத நாளுக்கு மாற்று வழி

2018 மார்ச்சில், 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகளின் பின், 2022 ஏப்ரல் 3 ஞாயிறன்று என இலங்கையில் சமூக ஊடகச் செயலிகள் முடக்கப்பட்டதைக் கொழும்பில் எல்லாரும் பார்த்திருக்கிறோம். சாதாரண கோலும் எஸ்.எம்.எஸ்.ஸும் அந்தத் தடைக்குள் வரவில்லை. வி.பி.என். (தடையைச் சுற்றிப் போகும் வசதி) போட்டவர்கள் வட்ஸ்அப்பில் பேசிக்கொள்வார்கள், மற்றவர்கள் வெளியே நிற்பார்கள், குழு இரண்டாகும். ஆகவே தடை வந்தால் எல்லாரும் மாற்று வழிக்கே போவது என்று முன்கூட்டியே எழுதி வையுங்கள். மின்வெட்டிலும் இதே கதை: போனில் மின்னேற்றம் இருக்கும், வீட்டு ரவுட்டர் அணைந்திருக்கும். கூட்டம் நடத்துபவர் வீட்டில் ரவுட்டருக்கென ஒரு சிறிய யு.பி.எஸ். இருப்பது நல்லது.

மாற்று வழி என்பது கோல் சங்கிலி. 13 பேருக்கு: இணைப்பாளர் மூவருக்கு எடுப்பார், அந்த மூவரும் தலா மூவருக்கு எடுப்பார்கள். ஒருவருக்கும் மூன்று கோலுக்கு மேல் இல்லை. கடைசி ஒன்பது பேரில் குறித்த ஒருவர் இணைப்பாளருக்குத் திரும்ப எடுத்து, தான் கேட்டதைச் சொல்ல வேண்டும். செய்தி வழியில் திரிந்திருந்தால் அங்கே பிடிபடும். போன் எடுக்காதவரைத் தாண்டி அவருடைய மூவருக்கும் யார் எடுப்பது என்பதும் எழுதப்பட வேண்டும். இலக்கங்கள் தாளில் இருக்கட்டும். போன் அணைந்தால் அதற்குள் உள்ள பட்டியலும் போய்விடும்.

10. ஒரு பக்கத்தில் எழுதி, ஒரு கிழமை ஓட்டிப் பாருங்கள்

இதுவரை தீர்மானித்ததை ஒரு பக்கத்தில் எழுதுங்கள்: எந்த வகைச் செய்தி எங்கே, பதில் எவ்வளவு நேரத்துக்குள், பொறுப்பாளர் யார். பதில் நேரத்தை மறக்க வேண்டாம். உரையாடலுக்கு அன்றிரவுக்குள், மின்னஞ்சலுக்கு இரண்டு வேலை நாள், இரவு 9 முதல் காலை 7 வரை அவசரக் கோல் தவிர எதுவுமில்லை என்பது பெரும்பாலான தொண்டர் குழுக்களுக்குத் தாங்கும். ஒரு பக்கத்தைத் தாண்டினால் யாரும் வாசிக்க மாட்டார்கள், வெட்டுங்கள்.

முதல் கிழமையில் இணைப்பாளர் ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: எது தவறான இடத்தில் வந்து விழுகிறது? உரையாடல் குழுவில் கட்டுரை வந்தால், குழுவில் கண்டிக்காமல் அவருக்குத் தனியாக எழுதுங்கள்: "ஐயா, கட்டுரை கிடைத்தது. மற்றதுகளோடு சேர்த்து வைக்க மின்னஞ்சலுக்கும் ஒருக்கா அனுப்பிவிடுவீங்களா?" ஒரே தவறை நாலு பேர் செய்தால் தவறு விதியில்தான் இருக்கிறது. அந்த வகைக்கு இடத்தை மாற்றுங்கள். மாற்றும்போது பழைய இடத்தைப் பூட்டிவிட வேண்டும், இரண்டையும் திறந்து வைத்தால் இரண்டிலும் பாதி பாதி வரும்.

11. முடிக்கும்போது

மலர் வெளிவந்ததும் குழுவை அப்படியே விட்டுவிடாதீர்கள். முடிவுப் பதிவேட்டையும், அச்சுக்குப் போன கோப்பையும், மூலப் படங்களையும் ஒரு பென் ட்ரைவிலும் பொது ட்ரைவிலும் வையுங்கள். பொதுக் கணக்கை அடுத்த குழுவுக்குக் கொடுத்துக் கடவுச்சொல்லையும், மீட்பு போன் இலக்கத்தையும் மாற்றுங்கள். மீட்பு இலக்கம் பழையவருடையதாகவே இருப்பது வழமையாக நடக்கும் தவறு. இரண்டு ஆண்டு யாரும் திறக்காத கணக்கைக் கூகுள் அழித்துவிடலாம், ஆகவே ஆண்டுக்கு ஒரு தடவை திறப்பவர் யார் என்று பெயர் குறியுங்கள்.

வட்ஸ்அப் உரையாடலைப் படங்களின்றி ஏற்றுமதி செய்து, பணம் பற்றிய செய்திகள் இருந்தால் அவற்றைப் பொருளாளரிடம் கொடுங்கள். பிறகு அறிவிப்புக் குழுவில் மூடும் திகதியைப் போட்டு, அன்று உறுப்பினர்களை நீக்கிக் குழுவை மூடுங்கள். அச்சகத்தின் மிகுதிப் பணம் கட்டி, பற்றுச்சீட்டு பதிவேட்டில் ஏறும் வரை உரையாடல் குழு மட்டும் திறந்திருக்கட்டும்.